பூனைக்கு லங்கணம் மருந்தல்ல

வாசகர் கடிதம்:

டொக்டர் அவர்களுக்கு, நான் திருகோணமலை திருக்கடலூரில் வசிக்கிறேன். எங்கள் கடுவன் பூனை கறுப்பனுக்கு ஏழு வயது. நன்றாகக் கொழுத்தவன். கடற்கரையில் கிடந்த ஒரு குட்டியை மகள் தூக்கி வந்தாள். அதற்குக் கண்ணில் பீளை, ஓயாத தும்மல். ஒரு கிழமையில் கறுப்பனும் தும்மத் தொடங்கினான். மீனை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவான். குட்டி வந்த கோபம் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் வெள்ளை நுரையாகவும் பிறகு மஞ்சளாகவும் சத்தி எடுத்தான். 'வயிறு கெட்டால் காயப்போடுவதுதான் மருந்து' என்று மாமி சொன்னார். அரைப் பனடோல் கொடுத்துப் பார்த்தோம். நுரை நுரையாகத் தள்ளித் துப்பிவிட்டான். ஆறாம் நாள் காதின் உட்புறம் மஞ்சளாக இருந்ததைக் கண்டுதான் வைத்தியரிடம் கொண்டுபோனோம். சேலைன் ஏற்றினார்கள். மறுநாள் விடிய முன்னரே போய்விட்டான். எந்த நாளில் நாங்கள் பயந்திருக்க வேண்டும்? இப்போது குட்டியும் ஒரு தடவை சத்தி எடுத்திருக்கிறது. எங்கள் வீட்டில் மீனும் வலையும்தான் இருக்கின்றன. இனி நாங்கள் கவனிக்க வேண்டியது என்ன?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

குட்டியைப் பற்றி, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் பேசிக்கொண்டோம். அது ஓடி விளையாடுகிறது, சாப்பிடுகிறது என்று சொன்னதால் அவசரமில்லை என்று விட்டேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்: கறுப்பன் ஒரு முழு நாள் வாயில் எதையும் வைக்காமல் இருந்தபோதே பயந்திருக்க வேண்டும். சத்தி தொடங்கிய மூன்றாம் நாள் அல்ல, அதற்கு முன்பே. இது உங்களைக் குற்றம் சொல்வதற்காக அல்ல. நம் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் உங்கள் மாமி சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்கள். லங்கணம், அதாவது பட்டினி, பரம ஔடதம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மனிதனுக்கு அது ஓரளவு பொருந்தும். வயிறு கெட்ட நாய் ஒரு நாள் படுத்துக் கிடந்து தானாகத் தேறுவதையும் பார்த்திருக்கிறோம். பூனையின் உடம்பு வேறு கணக்கில் ஓடுகிறது.

பூனை முற்றான மாமிச உண்ணி. ஒவ்வொரு நாளும் புரதம் உள்ளே வந்தாக வேண்டும். உணவு நின்றதும் உடம்பு தன் சேமிப்புக் கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்புகிறது. வருகிற வேகத்துக்கு அதை எரித்து வெளியே அனுப்பப் பூனையின் ஈரலால் முடிவதில்லை. கொழுப்பு ஈரலின் கலங்களுக்குள்ளேயே தேங்கி, சில நாட்களில் ஈரல் வேலை செய்ய முடியாமல் திணறுகிறது. இதைக் கொழுப்பு ஈரல் நோய் என்கிறோம். ஈரல் கெட்டதும் குமட்டல் வரும், குமட்டினால் பூனை இன்னும் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் ஈரல் இன்னும் கெடும். கொழுத்த பூனைக்கு இது விரைவாக வரும், அனுப்புவதற்குக் கொழுப்பு நிறைய இருப்பதால். 'நல்ல உடம்பு, இரண்டு நாள் தாங்கும்' என்ற நினைப்பு பூனையைப் பொறுத்தவரை தலைகீழானது. மெலிந்த பூனையைவிடக் கொழுத்த பூனைக்குத்தான் அவகாசம் குறைவு.

கறுப்பனைப் பரிசோதிக்காமல் இதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதிய வரிசை நன்றாகப் பொருந்துகிறது. பீளைக் கண்ணும் தும்மலுமாக வந்த குட்டி, பூனைச் சளிக்காய்ச்சல் வைரஸ் ஒன்றைக் கொண்டு வந்திருக்கும். கறுப்பனுக்கு அது பெரிய நோயாக வந்திராது. மூக்கு மட்டும் அடைத்திருக்கும். பூனை நாக்கை நம்பிச் சாப்பிடுவதில்லை, மூக்கை நம்பித்தான் சாப்பிடுகிறது. மணம் தெரியாத மீன் அதற்கு மீனே அல்ல. மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டீர்கள். புதிய குட்டி வந்த கலக்கத்திலும் பூனை உணவை விடும் என்பது உண்மைதான், இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம். எப்படியானாலும் தொடக்கம் சின்ன விடயம். கொன்றது அதன் பின்னால் வந்த பட்டினி என்றுதான் எனக்குப் படுகிறது. காது மஞ்சளான நாளில் ஈரல் ஏற்கெனவே வெகுதூரம் போயிருந்தது.

இந்த நோய்க்கு மருந்து என்று தனியாக ஒன்றும் இல்லை, உணவுதான் மருந்து. மூக்கு வழியாகவோ கழுத்தில் சிறு துளையிட்டு உணவுக்குழாய் வழியாகவோ குழாய் வைத்து, கரைத்த உணவைச் சிறிது சிறிதாகப் பல நாட்கள், சில வேளை வாரக்கணக்கில், ஏற்ற வேண்டும். கூடவே குமட்டலை நிறுத்தும் ஊசியும் சேலைனும் இரத்தத்தில் பொட்டாசியத்தைச் சரிசெய்வதும் இருக்கும். நேரத்தோடு தொடங்கினால் கணிசமான பூனைகள் பிழைத்துக்கொள்கின்றன. நேரம் என்பதுதான் எல்லாம்.

அடுத்தது அந்தப் பனடோல். அவன் துப்பினானே, அது நல்லதாகப் போயிற்று. கசப்பு மாத்திரை பட்டால் பூனை நுரை தள்ளும், அதில் விசேஷம் இல்லை. விழுங்கியிருந்தால்தான் விபரீதம். பனடோலில் உள்ள பரசிட்டமோலை நம் ஈரல் ஒரு வழியாகப் பக்குவப்படுத்தி வெளியே தள்ளுகிறது. அந்த வழி பூனையின் ஈரலில் ஏறக்குறைய இல்லை. தேங்கிய மருந்து இரத்தத்தின் ஒட்சிசன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். சில மணித்தியாலங்களில் ஈறு சொக்லேட் நிறத்துக்குப் போகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். கறுப்பனைப் போன்ற பெரியவனுக்கும் அதில் பாதியே ஆபத்து. சின்னப் பிள்ளைகளின் பனடோல் சிரப்பும் இதே சரக்குத்தான். தவறிப் போய்க் கொடுத்துவிட்டால் மறைக்காமல் வைத்தியரிடம் ஓடுங்கள். மாற்று மருந்து உண்டு, ஆனால் அது மணித்தியாலக் கணக்கில்தான் உதவும். இபுபுரோஃபன், டைக்குளோபினாக் ஆகிய வலி மாத்திரைகளையும் இந்தக் கணக்கிலேயே வையுங்கள். பார்மசியில் மனிதருக்குக் கொடுக்கும், சத்தியை நிறுத்தும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம். உள்ளே அடைப்பு இருந்தால் சில மருந்துகள் காரியத்தைக் கெடுத்துவிடும்.

இனி, உங்கள் வீட்டில் மீனும் வலையும் என்று எழுதினீர்களே, அந்த இரண்டைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வலை பின்னுகிற, தூண்டில் கட்டுகிற வீட்டில் பூனை சத்தி எடுத்தால் என் முதல் சந்தேகம் தங்கூசி என்கிற நைலோன் இழையும் நூலும்தான். மீன் மணம் ஏறிய நூல் துண்டைப் பூனை மென்று விழுங்கும். ஒரு முனை நாக்கின் அடியில் சுற்றிக்கொள்ளும், மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் அதை முன்னே தள்ளத் தள்ள, நூல் நகராமல் நிற்கக் குடல்தான் பாவாடை நாடா இழுத்த துணி போலச் சுருங்கி மடிந்து, நாளடைவில் நூலாலேயே அறுபட்டுப் போகும். பார்ப்பது எளிது. ஒருவர் பூனையைத் துவாயில் சுற்றிப் பிடிக்க, மற்றவர் வாயைத் திறந்து, தாடையின் கீழ்ப்புறத்தில், இரண்டு எலும்புக்கும் நடுவே, பெருவிரலால் மெதுவாக மேலே அழுத்தினால் நாக்கு உயர்ந்து அடி தெரியும். அங்கே மெல்லிய கோடாக நூல் தெரிந்தால், அல்லது மலவாயில் நூல் தொங்கினால், கை வைக்காதீர்கள். இழுத்தால் குடல் கிழியும். அப்படியே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நூல் தெரியாவிட்டால் இல்லை என்று பொருளும் அல்ல. சில முனைகள் இரைப்பையின் வாசலில் சிக்கி நிற்கும். அதை எக்ஸ்ரேயிலோ ஸ்கானிலோதான் காணலாம். தூண்டில் முள்ளோ தையல் ஊசியோ என்றாலும் இதே விதிதான்.

ஒரு எச்சரிக்கை. அறியாத பூனையின் வாயையோ, உமிழ்நீர் வடித்துக் குரல் மாறி ஒரு மாதிரியாக நடக்கிற பூனையின் வாயையோ திறக்கவே வேண்டாம். விசர்நோய் இன்னும் நம் நாட்டை விட்டுப் போகவில்லை. கடித்தாலோ பிராண்டினாலோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம்.

மீனைப் பற்றிச் சொன்னால் ஊர் என் மேல் கோபிக்கும். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. பச்சைச் சாளையும் சூடையும் நெத்தலியும் மட்டுமே தின்று வளரும் பூனைக்கு விற்றமின் பி1 குறைந்து போகும். இந்த வகை மீன்கள் சிலவற்றின் பச்சைச் சதையில் அந்த விற்றமினை அழிக்கும் ஒரு நொதியம் இருக்கிறது. அவித்தால் அந்த நொதியம் செத்துவிடும். குறைபாடு முற்றினால் பூனை முதலில் சாப்பாட்டை வெறுக்கும், சத்தி எடுக்கும், பிறகு தள்ளாடும், தலையை மார்புக்குள் குனிந்தபடி வைத்திருக்கும், வலிப்பும் வரும். நேரத்தோடு பி1 ஊசி போட்டால் பூனை தேறி வரும். இது பூனைக்குக் கூடாத மீன் என்று நான் சொல்லவில்லை. அவித்துக் கொடுங்கள், மாற்றிக் கொடுங்கள், கோழியும் ஈரலும் இடையில் போகட்டும். சூரை போன்ற கொழுப்பு மீனை மட்டுமே நாள்தோறும் போடுவதும் விற்றமின் ஈ குறைபாட்டில் கொண்டுபோய் விடும். பேத்தை மீனைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். வலையில் வந்ததைக் கரையில் எறிகிறார்கள், பூனைகள் முகர்ந்து திரிகின்றன. அதை விழுங்கிய பூனை சத்தி எடுத்து, பின்கால் தளர்ந்து, மூச்சு நின்று போகும். அதற்கு மாற்று மருந்து இல்லை. கறிச்சட்டி வழித்த குழம்பில் வெங்காயமும் பூண்டும் இருக்கும். அவையும் பூனையின் செங்குருதிக் கலங்களை உடைப்பவை. கருவாட்டு உப்பும் அதற்கு ஆகாது.

பல்லி, ஓணான் பிடித்துத் தின்னும் பூனைக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. வெப்ப நாடுகளில் பித்தக் குழாயில் குடியேறும் ஒரு தட்டைப் புழு, பல்லியின் வழியாக வருகிறது. மெலிவு, சத்தி, மஞ்சள் என்று கறுப்பனுக்கு வந்ததைப் போலவே வரும். வழக்கமான பூச்சி மாத்திரை எல்லாம் இதற்கு வேலை செய்யாது. வைத்தியரிடம் 'பல்லி தின்னும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் அதற்கேற்ற மருந்தை யோசிப்பார்.

எல்லாச் சத்திக்கும் ஓட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். புல் தின்று கக்கிய பூனை, முடி உருண்டையைக் கக்கிவிட்டு உடனே வந்து கிண்ணத்தைப் பார்க்கும் பூனை, ஒரு தடவை அவசரமாகத் தின்று அப்படியே வெளியே தள்ளிய பூனை ஆகியவை சுறுசுறுப்பாக இருந்தால் அன்று பார்த்துக்கொண்டிருங்கள். நான்கு, ஐந்து மணித்தியாலம் வயிற்றுக்கு ஓய்வு போதும். தண்ணீரை மட்டும் சிறிது சிறிதாக வையுங்கள். பிறகு உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் போடாமல் அவித்த கோழியை உதிர்த்து ஒரு தேக்கரண்டி வையுங்கள். கைச்சூட்டுக்குச் சூடாக்கினால் மணம் எழும், மூக்கடைத்த பூனை கூட எட்டிப் பார்க்கும். பசுப்பால் வேண்டாம். வளர்ந்த பூனைக்குப் பால் வயிற்றைக் கலக்கும். சத்தி எடுக்கிற பூனையைப் படுக்கவைத்து ஊசிக்குழாயால் கஞ்சியோ ஜீவனியோ ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குப் போனால் இன்னொரு நோய். வலிந்து ஊட்டியதால் அந்த உணவையே பிறகு வெறுத்துவிடும் பூனைகளும் உண்டு.

கடுவன் வளர்ப்பவர்கள் ஒன்றை மனதில் எழுதிக்கொள்ள வேண்டும். சலம் போகாமல் முக்கினால் அது அன்றிரவே வைத்தியம் பார்க்க வேண்டிய விடயம். சலக்குழாய் அடைத்தால் கடுவன் மண்ணைப் பறித்துக் குந்திக் குந்தி எழும்பும், கத்தும், அடியை நக்கும், பிறகு சத்தி எடுத்துச் சுருண்டு படுக்கும். வீட்டார் மலச்சிக்கல் என்று எண்ணெய் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு, மூன்று நாளில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். நம் பூனைகள் வெளியே மணலில் போய்வருவதால் சலம் போகிறதா என்று யாருக்கும் தெரிவதில்லை. உடம்பு சரியில்லாத பூனையை ஓர் அறையில் வைத்து, அகன்ற பேசினில் கடற்கரை மணலைப் போட்டு வையுங்கள். நனைந்த மணல் கட்டியாகும், எண்ணிக்கொள்ளலாம். வைத்தியருக்கு உங்களால் தரக்கூடிய மிகப் பெரிய உதவி அது.

இவற்றோடு உடனே புறப்பட வேண்டிய அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் குடித்தாலும் அதையும் கக்குவது, சத்தியில் இரத்தம் அல்லது கோப்பித்தூள் போன்ற கறுப்பு, வயிற்றைத் தொட விடாதது, ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருப்பது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, எலி மருந்தோ பூச்சி மருந்தோ தின்ற சந்தேகம். நாய்க்குப் பூசும் தெள்ளு மருந்தைப் பூனைக்குப் பூசியிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அவற்றில் சில பூனைக்கு நஞ்சு. ஈறைப் பெருவிரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். தோள் தோலைக் கிள்ளி விட்டால் உடனே விழ வேண்டும். வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பூனையின் உடம்பில் வெகு விரைவில் நீர் வற்றிப் போவதை நான் வழக்கமாகப் பார்க்கிறேன்.

எங்கே கொண்டுபோவது என்பது நம் மாவட்டத்தில் ஒரு தனிக் கவலை. அரச கால்நடை வைத்தியர் பாதி நாள் மாட்டுப் பட்டியில் நிற்பார். தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. சனி, ஞாயிறு அலுவலகம் இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமை மத்தியானம் பூனை சாப்பிடாமல் கிடந்தால் 'திங்கள் பார்ப்போம்' என்று விடாதீர்கள், அன்று பின்னேரமே காட்டிவிடுங்கள். ஸ்கான், குழாய் உணவு, பெரிய சத்திரசிகிச்சை என்று வந்தால் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஹபரணை, தம்புள்ளை வழியாகப் பாதி நாள் பயணம். அதனால்தான் புறப்படும் முடிவை முதலிலேயே எடுக்கச் சொல்கிறேன். ஆறாம் நாள் ஈரல் போன பூனையை அவ்வளவு தூரம் கொண்டுபோய் என்ன பயன்? போகும்போது எப்போது கடைசியாகச் சாப்பிட்டது, எத்தனை தடவை சத்தி, என்ன நிறம் என்று ஒரு தாளில் எழுதி, தொலைபேசியில் ஒரு படமும் எடுத்துச் செல்லுங்கள். இருமலைச் சத்தி என்று நினைத்து வருபவர்கள் பலர். கழுத்தை நீட்டிக் குந்தியிருந்து கக்குவதுபோல் கக்கி ஒன்றும் வராவிட்டால் அது ஆஸ்துமாவாகவும் இருக்கலாம். வீடியோ இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனிக் குட்டி. கறுப்பனின் ஈரல் நோய் அதற்குத் தொற்றாது. மகளிடம் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். குட்டி தூக்கி வந்ததால்தான் கறுப்பன் செத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கக் கூடும். தும்மல் குட்டியிடமிருந்து வந்திருக்கலாம், ஆனால் தும்மலால் பூனை சாவது அரிது. குட்டி சத்தி எடுத்ததில் நூடில்ஸ் போன்ற வெள்ளைப் புழு இருந்ததா என்று பார்க்கச் சொன்னேனே, அது தாய்ப்பாலோடு வரும் நாக்குப்பூச்சி. குட்டியை நிறுத்து, எடைக்கேற்பப் பூச்சி மருந்து கொடுத்து, ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை தொடர வேண்டும். புழு இல்லாமல், காய்ச்சலோடு, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டுக் குடிக்காமல் கிடந்தால், அது பூனைப் பார்வோ என்னும் கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம். குட்டியை அரை நாள் கூட வைத்துப் பார்க்காதீர்கள். நான்கு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குட்டி 12 மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்தாலே வைத்தியரைக் காண வேண்டும்.

தும்மலும் பீளையும் முற்றாக நின்ற பிறகு தடுப்பூசிக்குக் கொண்டு வாருங்கள். எட்டு வாரம் கடந்த குட்டிக்குப் பார்வோவும் சளிக்காய்ச்சலும் அடங்கிய மூன்று நோய் ஊசி, மூன்று, நான்கு வாரங்களில் மீண்டும். மூன்று மாதத்தில் விசர் ஊசி. அன்று வரும்போது சாக்கில் கட்டிக்கொண்டு வர வேண்டாம், வெயிலில் மூச்சு முட்டும். மூடியுள்ள பிளாஸ்டிக் கூடையில் பழைய துணி விரித்து முச்சக்கர வண்டியில் வாருங்கள். வீட்டில் தராசு இருந்தால் குட்டியைக் கிழமைக்கு ஒரு தடவை நிறுத்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பூனையின் எடை அதன் முகத்தைவிட முந்திப் பேசும்.